ரேடியோ ரூமை இடிக்காதீர்கள்: எங்கள் பேரூராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பேரூராட்சித் தலைவர் அவர்களுக்கும், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும், செயல் அலுவலர் அவர்களுக்கும்,

பூங்கா வாசலில் ஒட்டியிருக்கிற அறிவிப்பைப் படித்தேன். மேம்பாட்டுப் பணியில் "பயன்பாடற்ற, பழுதடைந்த பழைய கட்டடம்" ஒன்றை அப்புறப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் ஒரு தின்பண்டக் கடையும் செல்ஃபி பாயிண்டும் வரப்போவதாகப் போட்டிருக்கிறீர்கள். எந்தக் கட்டடம் என்று பெயர்கூட இல்லை. பூங்காவுக்குள் இருக்கிற ஒரே பழைய கட்டடம், ஊர் முழுக்கக் கேட்கப் பேரூராட்சி ரேடியோ வைத்திருந்த ரேடியோ ரூம்தான். அதன் சுவரில் சிவப்பு பெயிண்டில் பெருக்கல் குறியும் போட்டாகிவிட்டது. தீர்மானம் நிறைவேறியதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால்தான் மனுவாக எழுதிப் பெட்டியில் போடாமல், எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

பழுதடைந்த கட்டடம் என்பது உண்மை. தளம் ஒழுகுகிறது, ஜன்னல் கதவு ஒன்று இல்லை, மாடிச் சுவரில் அரசங்கன்று முளைத்து நிற்கிறது. ஆனால் அதனால் யாருக்கும் பயனில்லை என்று முடிவு கட்டியிருக்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியாது. மன்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் "அங்கே யாருங்க உக்காந்து ரேடியோ கேக்கறாங்க" என்று கேட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் இந்த மடல் முழுக்கப் பதில்.

அங்கே உட்கார்ந்து கேட்டவர்கள் எப்போதுமே கொஞ்சம் பேர்தான், அதுவும் ஆண்கள்தான். சிமெண்ட் பெஞ்சில் துண்டை விரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ரேடியோ அவர்களோடு நிற்கவில்லை. ரூம் மேலே நான்கு பக்கமும் பார்த்து வைத்திருந்த குழாய் ஸ்பீக்கர்கள் வழியாக, பொழுது போனால் வாசற்படி தாண்ட அனுமதி இல்லாத பெண்களுக்கும், கட்டிலை விட்டு எழ முடியாத கிழவிகளுக்கும், தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்த நெசவாளிகளுக்கும் போனது. அதனால் பயன் பெற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் பூங்காவுக்கு வெளியே, அவரவர் வீட்டில் இருந்தார்கள். பூங்காவுக்குள்ளே தலையை எண்ணிவிட்டு யாருக்கும் பயனில்லை என்று எழுதினால் நாங்கள் யாருமே அந்தக் கணக்கில் வர மாட்டோம்.

நான் பூங்காவுக்கு இரண்டாவது தெருவில் பிறந்து வளர்ந்தவள். அம்மா, ஆயா, அத்தை மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள், பள்ளிக்கூடம் போகாத நேரத்தில் நானும் சுற்றினேன். இப்போது அதே தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. அந்தக் காலத்தில் ரேடியோ வாங்கினால் மட்டும் போதாது, லைசென்ஸ் வேண்டும். வருஷா வருஷம் தபால் ஆபீஸில் போய்ப் பணம் கட்டி, ஒரு சின்னப் புத்தகத்தில் பதிந்துகொண்டு வர வேண்டும். 1980களின் நடுவில்தான் அந்த லைசென்ஸ் தொல்லை முழுசாக ஒழிந்தது. பீடிக் கூலியில் அரிசி வாங்குகிற வீட்டில் அதற்கெல்லாம் எங்கே போவது. பேரூராட்சி போட்ட ரேடியோதான் எங்கள் ரேடியோ.

பீடி சுற்றுகிறவர்களுக்கு இரண்டு கையும் ஓயாது, கண்ணும் முறத்தை விட்டு நகராது. ஊற வைத்த இலையை அளவுத் தகடு வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும், தூளை அளந்து வைக்க வேண்டும், சுற்ற வேண்டும், நூலைக் கட்டி முனையை மடக்க வேண்டும், இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. பேப்பர் படிக்க முடியாது. யாராவது படித்துச் சொல்ல ஆளும் கிடையாது. காது மட்டும்தான் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் ரேடியோ வந்தது. காலை ஏழேகாலுக்கு "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது" என்று டெல்லியிலிருந்து குரல் வந்தால் திண்ணையில் பேச்சு நின்றுவிடும். கத்தரி சத்தம் மட்டும் கேட்கும். சரோஜ் நாராயணசுவாமி என்று பெயர் வந்துவிட்டால் ஆயாவுக்கு ஒரு சந்தோஷம், "நம்ம பொம்பளை படிக்குது" என்பாள். எழுத்தே தெரியாத ஆயாவுக்கு டெல்லியில் எந்த மந்திரி ராஜினாமா பண்ணினார் என்று தெரிந்திருந்தது. 2022இல் அந்த அம்மா இறந்த சேதி வந்தபோது எங்கள் தெருவில் பெரியவர்கள் பலர் சொந்தக்காரர் போனதாகப் பேசிக்கொண்டார்கள். அவர் முகத்தை யாரும் பார்த்தது கிடையாது.

ரூமைத் திறந்து மூடிய அண்ணனை ஊரில் எல்லோரும் ரேடியோக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். பேரூராட்சியில் பகுதி நேர வேலை. காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை வந்து பூட்டைத் திறப்பார். பழைய வால்வு செட், போட்டவுடன் பாடாது. உள்ளே விளக்கு மாதிரிச் சிவந்து சூடாகிற வரைக்கும் ஓர் இரைச்சல் வரும், அந்த இரைச்சலைக் கேட்டவுடன் நாங்கள் உலையைப் பார்ப்போம், ஏனென்றால் அடுத்த கால் மணி நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியாக வேண்டும். சாயங்காலம் மாநிலச் செய்திகள், அப்புறம் கிராம நிகழ்ச்சி, வீடும் வயலும், கொஞ்சம் பாட்டு. மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், பூச்சி விழுந்தால் என்ன மருந்து, கரும்புக்கு எப்போது தண்ணீர் கட்டுவது என்றெல்லாம் சொல்வார்கள். நிலமே இல்லாத நாங்களும் அதையெல்லாம் கேட்டோம், கூலிக்குப் போன இடத்தில் நிலத்துக்காரருக்கே எடுத்துச் சொன்ன பெண்களும் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்தில் 1960களில் ஆடுதுறை 27 நெல் திருச்சி வானொலியால் பரவி, அதற்கு ரேடியோ நெல் என்றே பேர் வந்தது தெரிந்த கதைதான். எங்கள் பக்கம் அப்படி ஒரு பேர் வரவில்லை. ஆனாலும் பூங்காவில் கேட்டது வயலில் நடந்தது.

தென்கச்சி சுவாமிநாதனின் "இன்று ஒரு தகவல்" வந்த வருஷங்களில் அந்த நேரத்துக்குத் தண்ணீர்க் குழாயடியில் சண்டை இருக்காது. குடத்தை வைத்துவிட்டு நின்று கேட்பார்கள். கடைசியில் அவர் சொல்கிற சிரிப்புக் கதைக்குத் தெருவே ஒரே நேரத்தில் சிரிக்கும், திண்ணையிலிருந்து ஒரு சிரிப்பு, எதிர்வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்தவள் நான். இன்றைக்குக் கையில் இருக்கிற போனில் அவர் பேச்சு கிடைக்கிறது, கேட்கவும் கேட்கிறேன். எதிர்வீட்டில் யாரும் கூடச் சிரிப்பதில்லை.

செய்தியும் பாட்டும் மட்டும் இல்லை. அந்த ரூமில் ஒரு மைக் இருந்தது, உங்கள் பழைய ஸ்டாக் ரிஜிஸ்டரில் அது கட்டாயம் பதிவாகியிருக்கும். ரேஷனில் மண்ணெண்ணெய் வந்திருக்கிறது, இந்த நம்பர் கார்டிலிருந்து இந்த நம்பர் வரை இன்றைக்கு, என்று ரேடியோக்காரர் சொல்வார். குழந்தை காணோம் என்றால் என்ன கலர் சட்டை என்று சொல்வார். தண்ணீர் இன்றைக்கு வராது, நாளைக்கு விடியற்காலை நாலு மணிக்குத் திறப்பார்கள் என்று சொல்வார். 1995 டிசம்பரில் போலியோ சொட்டு மருந்து நாடு முழுக்க ஒரே நாளில் கொடுக்கத் தொடங்கியபோது, எந்தப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிறார்கள் என்று எங்கள் தெருவுக்கு முதலில் சொன்னது அந்த ஸ்பீக்கர்தான். மண்ணெண்ணெய் வந்த சேதி முதலில் ஆண்களுக்குத் தெரிந்து, அவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிய வேண்டும் என்கிற நிலைமை எங்கள் ஊரில் இல்லாமல் போனதற்கு அந்த மைக் ஒரு காரணம். இதைத் தலைவரம்மாவும் மற்றப் பெண் உறுப்பினர்களும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்து நீங்கள் அந்த நாற்காலியில் உட்காருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே, உங்கள் அலுவலகம் எங்களோடு நேராகப் பேசிய ஒரே வழி அதுதான்.

1987 டிசம்பர் 24 விடிந்தபோது எம்.ஜி.ஆர். இறந்த சேதி அங்கிருந்துதான் வந்தது. வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே ரூமைத் திறந்துவிட்டார் ரேடியோக்காரர். அத்தை மடியில் முறத்தை வைத்துக்கொண்டே எழுந்துவிட்டாள், இலையும் தூளும் வாசல் முழுக்கக் கொட்டிவிட்டது. அதை யாரும் அள்ளவில்லை. தெருவில் இருந்த அத்தனை பெண்களும் வெளியே வந்து ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆணும் பெண்ணுமாக எங்கள் தெரு பூங்காவுக்குள் போய் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

பூங்கா ரேடியோவில் சர்க்கார் ஸ்டேஷன்தான் வைக்க வேண்டும், அது ரேடியோக்காரரின் கண்டிப்பு. ஆனால் எங்கள் ஊர் காது அதோடு அடங்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். டீக்கடையில் இலங்கை வானொலி. "பொங்கும் பூம்புனல்" முடிந்துதான் பாதிப் பேர் தோல் பதனிடுகிற ஷாப்புக்குக் கிளம்புவார்கள். மூச்சு விடாமல் பேசுகிற அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவை அப்படியே பேசிக் காட்டுகிற பையன்கள் தெருவுக்கு ஒருத்தன் இருந்தான். அப்துல் ஹமீதின் "பாட்டுக்குப் பாட்டு" எங்கள் பள்ளிக்கூட மரத்தடியிலும் நடந்தது, அதை அவர் பிறகு சன் டிவிக்குக் கொண்டுவந்தபோது என் பிள்ளைகளுக்கு அது புதுசு, எனக்குப் பழைய சொந்தம். பிறந்தநாள் வாழ்த்துக்குப் பதினைந்து பைசா கார்டில் எழுதிப் போடுவோம். கொழும்பிலிருந்து ஒருத்தர் எங்கள் ஊர்ப் பெயரை, வட ஆற்காடு மாவட்டம் என்று சேர்த்து வாசிக்கிறபோது, வரைபடத்திலேயே தேட வேண்டியிருக்கிற ஊருக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்பது அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த தெரு பாய் வீடுகளில் புதன்கிழமை ராத்திரி "பினாகா கீத்மாலா", அதுவும் இலங்கையிலிருந்துதான், இந்திப் பாட்டு நிகழ்ச்சி. அமீன் சயானி குரல் எங்கள் மொழியில் இல்லாவிட்டாலும் எங்களுக்குத் தெரியும், சுவர் ஒன்றுதானே நடுவில். தெலுங்கு பேசுகிற வீடுகளில் கடப்பா ஸ்டேஷன். இந்தப் பக்கத்து ஊர்களை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி எங்கே போனாலும் ஒரே தெருவில் மூன்று மொழி ரேடியோ கேட்கும். ராத்திரி ஒன்பதேகாலுக்கு மேல் பிபிசி தமிழோசையைக் காதை ரேடியோவோடு ஒட்டி வைத்துக் கேட்கிற பெரியவர் ஒருவர் எதிர்வீட்டில் இருந்தார். சிற்றலையில் சத்தம் ஏறும், இறங்கும், ஒரு நல்ல இடத்தில் காணாமல் போகும். 2017 ஏப்ரல் 30ஆம் தேதி தமிழோசையை நிறுத்தினபோது அவர் இல்லை. இருந்திருந்தால் லண்டனுக்கே ஒரு கடிதம் போட்டிருப்பார்.

இவ்வளவு ஸ்டேஷன் இருந்தும், எங்கள் ஊருக்கென்று ஒரு ஸ்டேஷன் இருந்தது என்றால் அது பூங்கா ரூம்தான். சென்னை, டெல்லி, கொழும்பு, கடப்பா எல்லாம் பொதுவாகப் பேசின. எங்கள் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று பேசியது அது ஒன்றுதான். வேலூரில் இப்போது தனியார் பண்பலை நிலையங்கள் இருக்கின்றன, என் கடையிலும் தையல் மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் பாடுகின்றன, நல்ல பாட்டுதான் போடுகிறார்கள், குறையில்லை. வேலூர் டிராஃபிக் பற்றிச் சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பெயர் அதில் வந்து நான் கேட்டதில்லை.

மன்றத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். தமிழ்நாட்டில் ரேடியோவை ஜனங்களிடம் கொண்டுவந்தது ஓர் உள்ளாட்சி நிர்வாகம். 1924இல் கிருஷ்ணசாமி செட்டி என்பவர் முன்னின்று மெட்ராஸில் ஒரு ரேடியோ கிளப் தொடங்கினார், பணமில்லாமல் அது 1927இல் நின்றுபோனது, அவர்களுடைய ஒலிபரப்புக் கருவியை மாநகராட்சி வாங்கிக்கொண்டு 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பியது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள், பள்ளிக்கூடங்களுக்கு ரேடியோ கொடுத்தார்கள். அகில இந்திய வானொலி மெட்ராஸில் நிலையம் திறந்தது 1938 ஜூன் 16ஆம் தேதி. அதுவரைக்கும் எட்டு வருஷம் குப்பையும் சாக்கடையும் பார்த்த அதே நிர்வாகம்தான் சங்கீதத்தையும் பார்த்துக்கொண்டது. விடுதலைக்குப் பிறகு ஊர் ஊராகப் பஞ்சாயத்துகளில் ரேடியோ வைத்தார்கள் என்றால் அதற்குப் பின்னால் இந்த வழக்கம் இருக்கிறது. நம் பூங்கா ரூம் அந்த வரிசையில் மிச்சம் இருக்கிற ஒன்று. சுற்று வட்டாரத்தில் எத்தனையோ ஊர்களில் அது கழிப்பறையாகவும் குடோனாகவும் மாறியதையோ, மண்ணோடு மண்ணாகப் போனதையோ நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அது எப்படி ஓய்ந்தது என்பதும் பதிவாக வேண்டும், ஏனென்றால் மக்கள் கேட்பதை நிறுத்தியதால் ஓயவில்லை. டிவி வந்தது, பூங்காவில் டிவிப் பெட்டி வைத்தார்கள், ரேடியோ நேரம் குறைந்தது. 2006க்குப் பிறகு வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி வந்தது. அதற்குள் ரேடியோக்காரர் ஓய்வு பெற்றிருந்தார், அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. ஸ்பீக்கர் கெட்டுப்போனது, யாரும் சரி பண்ணவில்லை. ஒரு மழையில் கரண்ட் இணைப்பைத் துண்டித்தார்கள், மறுபடி கொடுக்கவில்லை. நீங்கள் யாரும் அப்போது பொறுப்பில் இல்லை, உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் வருஷக்கணக்கில் பராமரிக்காமல் போட்டுவிட்டு, பராமரிப்பில்லாததையே இடிக்கக் காரணமாகக் காட்டுவது நியாயம் இல்லை.

2021 நவம்பரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பாலாறு கரை புரண்டு வந்த அந்த ராத்திரி கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் போன் சிக்னலும் போனது. பேட்டரி போட்ட ரேடியோ என் கடையில் ஒன்று இருந்தது, அதில் மாவட்டத்துக்கு எச்சரிக்கை என்று சொன்னார்கள், சரி, மாவட்டம் பெரியது. எங்களுக்குத் தெரிய வேண்டியது எந்தத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது, எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறவர்கள் எந்த வழியாகப் போவது என்பது. மைக் கட்டின ஆட்டோ ஒன்று மெயின் ரோட்டில் போனது. தண்ணீர் நின்ற தெருக்களுக்குள் அதனால் வர முடியவில்லை, அந்தத் தெருக்காரர்களுக்குத்தான் அந்தச் சேதி வேண்டியிருந்தது. நாங்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சொல்லிக்கொண்டு போனோம். பூங்கா மேட்டில் இருக்கிறது, அங்கே தண்ணீர் ஏறவில்லை. ஒரு பேட்டரியும் ஆம்ப்ளிஃபையரும் நாலு ஸ்பீக்கரும் அந்த ரூமில் இருந்திருந்தால் ஆற்றோரத் தெரு முழுவதற்கும் ஒரே நேரத்தில் சொல்லியிருக்கலாம். 1903 நவம்பரில் வாணியம்பாடிக்குள் பாலாறு புகுந்தபோது 200 பேர் வரை செத்தார்கள் என்று படித்திருக்கிறோம். இது வருஷம் முழுக்க மணலாகக் கிடக்கிற ஆறுதானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

உங்கள் பக்கத்தில் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், சிலர் நேரிலேயே சொன்னார்கள்.

எல்லோர் கையிலும் போன் இருக்கிறது என்றார்கள். எங்கள் தெருவில் பீடி சுற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் கை இன்னும் ஓயவில்லை, பாதிப் பேரிடம் பட்டன் போன்தான். பேரூராட்சி வாட்ஸாப் குரூப்பில் போட்டால் போதும் என்று நினைத்தால், அந்தக் குரூப்பில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், அறுபது தாண்டியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள்.

சத்தம் தொல்லை என்றார்கள். நியாயம். கூம்பு ஸ்பீக்கருக்குத் தடை இருக்கிறது, ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கியே கூடாது, எனக்கும் தெரியும். கோயில் திருவிழா மாதிரி அலற விடச் சொல்லவில்லை. பெட்டி ஸ்பீக்கர் வைத்து, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தொல்லையில்லாமல், காலையில் கொஞ்ச நேரம் சாயங்காலம் கொஞ்ச நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வருமானம் வேண்டும், கடை வந்தால் வாடகை வரும் என்றார்கள். கடை வரட்டும். பூங்காவின் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மூலை காலியாகத்தான் கிடக்கிறது, வியாபாரத்துக்கும் அந்த மூலைதான் தோது. ரேடியோ ரூம் நிற்கிற இடம் வாசலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, அங்கே கடை வைத்தால் ஓடுமா என்று எந்த வியாபாரியிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

விழுந்துவிடும் அபாயம் என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் பொறியாளர் அறிக்கை எங்கே? சுண்ணாம்புக் காரைச் சுவர், ஒன்றரை அடிக் கனம், விரிசல் தளத்தில்தான் இருக்கிறது. நான் பொறியாளர் இல்லை, என் அண்ணன் மேஸ்திரி, அவர் போய்ப் பார்த்துவிட்டுத் தளத்தை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். அவர் சொல்வது தவறாக இருக்கலாம், அதைச் சொல்ல வேண்டியவர்கள் அறிக்கையோடு சொல்லட்டும்.

இனி என் கோரிக்கைகள்.

முதலாவது, இடிப்பதற்கான தீர்மானத்தை உடனே நிறுத்தி வையுங்கள், டெண்டர் விடாதீர்கள். நகர்ப்புறத்தில் பகுதி சபைக் கூட்டம் என்று 2022இலிருந்து வந்திருக்கிறதே, எங்கள் வார்டில் அந்தக் கூட்டத்தைக் கூட்டி இதைப் பொருளாக வையுங்கள். கூட்டத்தைப் பகல் பதினோரு மணிக்கு வைக்காதீர்கள், பீடிக் கட்டு கொடுத்துவிட்டு வருகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் வர முடிகிற மாதிரி சாயங்காலம் வையுங்கள்.

அந்தக் கூட்டத்துக்கு முன்னால் கட்டடத்தின் நிலை பற்றிய பொறியாளர் அறிக்கையையும், தளத்தைச் சரி பண்ண எவ்வளவு, இடித்துப் புதுசாகக் கட்ட எவ்வளவு என்ற இரண்டு மதிப்பீட்டையும் அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள்.

ரூமைச் சரி செய்து, ஒரு ரேடியோ, ஒரு ஆம்ப்ளிஃபையர், பேட்டரி, பெட்டி ஸ்பீக்கர்கள், ஒரு மைக் வையுங்கள். காலையில் செய்தி, சாயங்காலம் ஒரு மணி நேரம் வானொலி, இடையில் பேரூராட்சி அறிவிப்பு. மத்திய அலை சரியாக எடுக்காவிட்டால் ஆகாசவாணி நிகழ்ச்சிகள் செயலியிலும் வருகின்றன, அதிலிருந்து போடலாம். மழைக்காலத்தில் அந்த மைக் வெள்ள எச்சரிக்கைக்கு என்று எழுத்தில் பதிவு செய்யுங்கள், யார் பேசுவது, சாவி யாரிடம் என்பதும் அதில் இருக்கட்டும். செலவுக்கு ஊரில் பணம் திரட்டித் தர நாங்கள் தயார், எங்கள் தெருப் பெண்கள் சுயஉதவிக் குழுவில் ஏற்கெனவே பேசிவிட்டோம். தினமும் திறந்து மூடவும் ஆள் தருகிறோம்.

பழைய வால்வு செட்டும் மைக்கும் அலுவலக குடோனில் கிடப்பதாக ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவர் சொன்னார். பழைய இரும்புக் கணக்கில் ஏலம் விட்டுவிடாதீர்கள். அது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், இருந்தால் அந்த ரூமிலேயே கண்ணாடிக்குள் வைக்கலாம். ரூம் வாசலுக்கு மேலே ஒரு கல்வெட்டு இருக்கிறது, அடுக்கடுக்காக வெள்ளை அடித்து எழுத்து மூடிப் போயிருக்கிறது. யார் திறந்தது, எந்த வருஷம் என்று அதில் இருக்கும், தயவுசெய்து ஓர் ஆளைப் போட்டுச் சுரண்டச் சொல்லுங்கள், அல்லது எங்களைச் சுரண்ட விடுங்கள்.

சுவரில் போட்ட சிவப்புக் குறியை அதற்குள் அழித்துவிடுங்கள். அது அங்கே இருக்கிற வரைக்கும் முடிவு எடுத்தாகிவிட்டது என்றுதான் ஊர் நினைக்கும், கூட்டத்துக்கும் யாரும் வர மாட்டார்கள்.

அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன்னால் இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். பதில் வராவிட்டால் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட மனுவோடு கூட்ட நாளன்று அலுவலகத்துக்கு வருவோம், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுப்போம்.

இப்படிக்கு,
பூங்காவுக்கு இரண்டாவது தெருவில் குடியிருக்கும்
தையல் கடைக்காரி, ஒரு வாக்காளர்